‘அன்ஃபிட்’ என்ற சொல்லுக்குப் பின்னால்: ஹெபடைட்டிஸ் பி வரலாறும் நமது சபராளிகளும்



வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் விசா பெறுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை ஒன்றைக் கடந்தாக வேண்டும் என்பதை நமது குடும்பங்களில் அறியாதவர் இலர். ‘மெடிக்கல் போடுவது’ என்று நாம் சொல்லும் அந்தப் பரிசோதனை, வளைகுடா ஒத்துழைப்பு மன்ற நாடுகள் அங்கீகரித்த மருத்துவ நிலையங்களில் நடைபெறுகிறது. நெடுங்காலம் ‘காம்கா’ என்று அழைக்கப்பட்ட அந்த ஏற்பாடு இன்று ‘வாஃபித்’ என்ற பெயரில் இயங்குகிறது. மார்புக்கு எக்ஸ்ரே எடுக்கப்படுகிறது, இரத்தம் சோதிக்கப்படுகிறது. காசநோய், தொழுநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றோடு ஹெபடைட்டிஸ் பி கிருமியும் தேடப்படுகிறது. அது இருப்பதாகத் தெரிந்தால், பெரும்பாலான வேலைகளுக்கு ‘அன்ஃபிட்’ என்ற ஒரே சொல்லோடு தாள் திரும்பி வருகிறது.

அந்தத் தாளுக்குப் பிறகு நமது வீடுகளில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் அது மடித்து வைக்கப்படுகிறது. உறவினர்களிடம் “விசாவில் சிக்கல்” என்று சொல்லப்படுகிறது. ஏஜெண்டிடம் கொடுத்த பணமும் வட்டிக்கு வாங்கிய கடனும் பெரிதாகத் தெரிவதால் கல்லீரலைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சில மாதங்கள் நாட்டு மருந்து குடித்துவிட்டு மீண்டும் ஒருமுறை பரிசோதிப்போம் என்று முடிவாகிறது. வந்த நோய் எது, அது எங்கிருந்து வந்தது, வீட்டில் வேறு எவருக்கும் இருக்கிறதா என்ற கேள்விகள் எழுவதே இல்லை.

இந்த மௌனத்தின் விலை பெரிது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர்; அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர். அந்த ஓர் ஆண்டில் மட்டும் இந்நோயால் உலகெங்கும் 11 இலட்சம் பேர் இறந்தனர். ஆயினும், மனிதன் ஏறக்குறைய முழுமையாக அறிந்துகொண்ட நோய்களுள் இதுவும் ஒன்று. அந்த அறிவு எப்படிக் கிடைத்தது என்பதை அறிந்தால், ‘அன்ஃபிட்’ தாளை நாம் வாசிக்கும் விதமே மாறும்.

பழைய மஞ்சளும் புதிய ஐயமும்

மஞ்சள் காமாலை மனிதர் நெடுநாளாக அறிந்த நோய். கிரேக்க மருத்துவர்கள் அதைக் குறித்து வைத்தனர். அரபு மருத்துவ நூல்கள் ‘யரகான்’ என்று அதற்குப் பெயரிட்டு விவரித்தன. இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ அதற்கெனத் தனிப் பகுதியே கொண்டுள்ளது. நமது சித்த மருத்துவமும் காமாலையைப் பலவகையாகப் பிரித்தது. ஆனால் கண்ணும் தோலும் மஞ்சளாவது ஓர் அடையாளம் மட்டுமே. அதன் பின்னே பல வேறு நோய்கள் இருக்கக்கூடும் என்பதும், அவற்றுள் ஒன்று இரத்தத்தின் வழியே பரவுகிறது என்பதும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியத் தொடங்கின.

1883-இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. அந்த ஊசி மருந்து மனித உடலிலிருந்து எடுக்கப்பட்ட நிணநீரைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அடுத்து வந்த மாதங்களில் அவர்களுள் 191 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அதே தளத்தில் வேலை செய்து, அந்த மருந்தைப் பெறாதவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. லூர்மன் என்ற மருத்துவர் இதை 1885-இல் எழுதி வைத்தார். ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சென்றிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் தெளிவான சான்று.

அந்தப் பாடத்தை உலகம் உடனே கற்றுக்கொள்ளவில்லை. 1942-இல் அமெரிக்கப் படையினருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டது. அதில் மனித இரத்தத்தின் தெளிநீர் கலந்திருந்தது. சுமார் 50 ஆயிரம் வீரர்கள் காமாலையால் படுத்தனர். பல பத்தாண்டுகள் கழித்து அவர்களை மீண்டும் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. நோய் வெளியே தெரிந்தவர்களைப் போல் பல மடங்கு பேர், எந்த அறிகுறியும் இன்றிக் கிருமியைப் பெற்றிருந்தனர். ‘எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, பிறகு எப்படி நோய் இருக்கும்?’ என்று கேட்போருக்கு இந்த வரலாறே விடை.

1947-இல் மெக்கல்லம் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இரு வகைகளையும் பிரித்துப் பெயரிட்டார். அசுத்தமான நீராலும் உணவாலும் வருவது ஹெபடைட்டிஸ் ஏ. இரத்தத்தின் வழியே வருவது ஹெபடைட்டிஸ் பி. பெயர் கிடைத்தது, கிருமி மட்டும் பிடிபடவில்லை.

தேடாத இடத்தில் கிடைத்த விடை

பிடிபட்டது, கல்லீரலைத் தேடாத ஒருவரிடம். பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர், சில மக்களுக்குச் சில நோய்கள் எளிதில் வருவதும் சிலருக்கு வராமல் இருப்பதும் ஏன் என்று ஆராய்ந்து கொண்டிருந்தார். அதற்காக உலகின் பல பகுதி மக்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். 1963-இல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இருந்த ஒரு புரதம், பலமுறை இரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் நோயாளி ஒருவரின் இரத்தத்தோடு வினைபுரிவதைக் கண்டார். ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று அதற்குப் பெயரிட்டார். அது ஹெபடைட்டிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. 1970-இல் லண்டனில் டேன் என்ற அறிஞர் முழுக் கிருமியையும் மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். 1976-இல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28 இன்று உலக ஹெபடைட்டிஸ் நாளாக அனுசரிக்கப்படுகிறது.

நமது பிள்ளைகளின் தாளில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று எழுதப்படுவது இதே புரதத்தைத்தான். 1970-களில் இரத்த வங்கிகள் தானம் பெற்ற இரத்தத்தை இதைக் கொண்டு வடிகட்டத் தொடங்கின. உயிர்களைக் காக்க உருவான பரிசோதனை அது. பிற்காலத்தில் அது எல்லைக் கதவிலும் நிறுத்தப்பட்டது. கதவில் நின்றபோது அதன் முதல் நோக்கத்தை நாம் மறந்துவிட்டோம்.

தைவானில் தெளிந்த உண்மைகள்

நம்மில் பலர் இந்நோயை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகக் கருதுகின்றனர். மறைப்பதற்கு முதற்காரணமும் அதுவே. உடலுறவாலும் இக்கிருமி பரவும் என்பது மெய். ஆனால் ஆசியாவில் இது நிலைபெற்ற வழி வேறு என்பதைத் தைவானில் நடந்த ஆய்வுகள் காட்டின.

அமெரிக்க மருத்துவர் பாமர் பீஸ்லியும் தைவான் அறிஞர்களும் 1970-களில் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தனர். பிரசவ வேளையில் தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி செல்வதை அவர்கள் நிறுவினர். குழந்தைப் பருவத்தில் தொற்று பெறுவோருள் 100-க்கு ஏறத்தாழ 90 பேருக்கு அது வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. வளர்ந்த பின் பெறுவோருள் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகவே தங்குகிறது. மற்றவர் உடல் அதைத் தானே வென்று விடுகிறது. எனவே, 25 வயதில் ‘பாசிட்டிவ்’ என்று அறியும் ஓர் இளைஞர் அதைத் தொட்டிலிலேயே பெற்றிருக்கலாம். அவர் மீது ஐயம் கொள்வது, செய்யாத குற்றத்தை அவர் தலையில் சுமத்துவதாகும். கிருமியைச் சுமந்த தாயும் குற்றவாளி அல்லர். அவருக்கும் அது தெரியாமலே வந்தது.

அடுத்த உண்மை இதனினும் கடுமையானது. பீஸ்லி குழுவினர் 22,707 தைவான் ஆண்களைப் பல ஆண்டுகள் கண்காணித்து 1981-இல் முடிவை வெளியிட்டனர். கிருமியைச் சுமப்போருக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு, சுமக்காதவரை விட 200 மடங்குக்கும் மேல் இருந்தது. மஞ்சள் காமாலை ஒருமுறை கூட வராமல், வலி ஏதும் இன்றி, 30, 40 ஆண்டுகள் கல்லீரலில் குடியிருந்து, பின்னர் குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஒருவரைச் சாய்க்கும் கிருமி இது.

அந்த உண்மைகளை அறிந்த தைவான் சும்மா இருக்கவில்லை. 1981-இல் முதல் தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது. 1984-இல் தைவான் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கி, 1986-இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது. பத்தாண்டுகளுக்குள், 6 முதல் 14 வயது வரையிலான சிறாரிடையே கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு புற்றுநோயைத் தடுப்பூசியால் குறைக்க முடியும் என்பதை உலகம் முதன்முறையாகக் கண்டது.

கதவை அடைத்த மண்ணிலிருந்தே வந்த உதவி

வளைகுடா நாடுகளும் இந்நோயால் துன்புற்றவையே. சவூதி அரேபியாவில் 1989-இல் சிறார் 100 பேரில் ஏறத்தாழ 7 பேரிடம் இக்கிருமி இருந்தது. அவ்வாண்டு முதல் குழந்தைகள் அனைவருக்கும் அங்குத் தடுப்பூசி போடப்பட்டது. 1997-இல் மீண்டும் ஆராய்ந்தபோது அந்த விகிதம் 1-க்கும் வெகுகீழே இறங்கியிருந்தது. வருவோரைச் சோதித்துத் தடுத்த அதே நாடு, தன் மக்களிடையே நோயை ஒழித்தது தடுப்பூசியைக் கொண்டுதான்.

அக்காலத்தில் இந்தியாவில் தடுப்பூசி இறக்குமதியாயிற்று. ஒரு டோஸ் பல நூறு ரூபாய் விற்றதால் எளிய குடும்பங்களுக்கு அது எட்டவில்லை. ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி என்ற பொறியாளர், தம் தாயின் பெயரால் ‘ஷாந்தா பயோடெக்னிக்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி உள்நாட்டிலேயே தயாரிக்க முனைந்தார். அவருக்குப் பெருமளவு முதலீடு தந்து கைகொடுத்தவர் ஓமன் நாட்டின் அன்றைய வெளியுறவு அமைச்சர் யூசுஃப் பின் அலவி. 1997-இல் அந்தத் தடுப்பூசி, இறக்குமதி விலையில் சிறு பங்குக்கு வெளிவந்தது. பிற நிறுவனங்களும் போட்டிக்கு வர, விலை மேலும் சரிந்தது. நமது இளைஞர்கள் எந்த மண்ணுக்குச் செல்லத் தவம் கிடக்கின்றனரோ, அந்த வளைகுடாவின் பணமும் இந்தியர் உழைப்பும் சேர்ந்து, நமது பேரக்குழந்தைகளின் தொடையில் இடப்படும் ஊசியாயிற்று.

இந்திய அரசு 2002–03-இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கியது. 2007–08-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 10 மாநிலங்களுக்கு விரித்து, 2011-இல் நாடு முழுவதற்கும் கொண்டு சென்றது. இலங்கையில் 2003-இல் இது தொடங்கிற்று. இந்த ஆண்டுகளை நாம் மனத்தில் இருத்த வேண்டும். இன்று வேலை தேடிக் கடல் கடப்போரில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். குழந்தைப் பருவத்தில் அவர்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைத்திராது.

கீழாநெல்லியும் சென்னையும்

காமாலை என்றதும் கீழாநெல்லி என்பது நமது மரபு. அந்த மரபை அறிவியல் புறக்கணிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பிளம்பெர்க்கையும் இணைத்துக்கொண்டு, நாட்பட்ட தொற்றுள்ளோருக்குக் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துப் பார்த்தனர். 1988-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது.

நமது மண்ணின் மூலிகைக்குக் கிடைத்த அந்தப் பெருமையில் நாமும் மகிழலாம். ஆனால் வரலாற்றை முழுதாகச் சொல்வதே அமானிதம். பின்னர் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. எனவே கீழாநெல்லியை மட்டும் நம்பி, ‘மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறோம்’ என்பவரிடம் காசையும் காலத்தையும் இழப்பது அறிவுடைமை ஆகாது. இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் என்னும் மாத்திரைகள் உள்ளன. பெரும்பாலோரிடம் அவை கிருமியை முற்றாக அகற்றுவதில்லை; ஆனால் அதை அடக்கி வைத்து, கல்லீரல் சுருங்குவதையும் புற்றுநோய் அபாயத்தையும் குறைக்கின்றன. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், அதற்கென அமைந்த அரசு மருத்துவமனை மையங்களில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ‘அன்ஃபிட்’ தாளோடு போக வேண்டிய இடம் அதுவே.

ஒரு சமூகம் வாய் திறந்தபோது

புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று இந்த மௌனத்தை உடைத்த வரலாறும் உண்டு. அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினர் சிறுபான்மையினர். ஆனால் அந்நாட்டின் நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களே. சீனக் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேசுவது வெட்கமாகக் கருதப்பட்டது. திருமணம் தடைபடும், வேலை போகும் என்ற அச்சம் நம்மைப் போலவே அவர்களுக்கும் இருந்தது.

மருத்துவர் சாமுவேல் சோ 1996-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கல்லீரல் மையத்தை நிறுவினார். 2001-இல் பச்சை மணிக்கல்லின் நிறத்தில் ஒரு நாடாவை அடையாளமாக்கி அம்மையம் பரப்புரையைத் தொடங்கியது. 2007-இல் சான் பிரான்சிஸ்கோ நகரமே ‘ஹெபடைட்டிஸ் பி இல்லாத நகரம்’ என்ற இயக்கத்தை முன்னெடுத்தது. மக்கள் பேசும் மொழிகளில் விளம்பரங்கள் வந்தன. கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ பரிசோதனை நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஃபியோனா மா, தமக்கும் இக்கிருமி உண்டு என்று பலரறிய அறிவித்தார். மதிப்புக்குரிய ஒருவர் வெட்கப்படாமல் சொன்னபோது, மற்றவர் கேட்கவும் சோதிக்கவும் துணிவு பெற்றனர். நமது ஜமாஅத்துகளில் அத்தகைய குரல் இன்னும் எழ வேண்டியுள்ளது.

நமது வீட்டில் செய்ய வேண்டியவை

ஹிஜ்ரி 18-இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது, அங்குக் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவ, ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் அவர்கள் விடையளித்ததை நாம் மதரஸாக்களில் கற்பிக்கிறோம். அறிந்த பின் அதற்கேற்பச் செயற்படுவதும் தவக்குலுக்கு உட்பட்டதே என்பது அதன் பாடம்.

ஒருவருக்குக் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் பெற்றோர், உடன்பிறந்தார், மனைவி, மக்கள் அனைவரும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். கிருமியும் எதிர்ப்பாற்றலும் இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போதுமானது. கிருமி உள்ளவர், உடல் நலமாகத் தோன்றினாலும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும். எல்லாருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் கண்காணிப்பு எல்லாருக்கும் தேவை. கர்ப்பிணிகள் தவறாமல் இதைச் சோதிக்க வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசியும் அதனுடன் இம்யூனோகுளோபுலின் ஊசியும் இட ஏற்பாடு செய்ய வேண்டும்.

இக்கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்தில் கூட 7 நாள் உயிர்த்திருக்கும். ஆகவே சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி ஆகியவை ஆளுக்கொன்றாக இருக்கட்டும். சுன்னத் செய்யும்போதும், அகீகாவுக்குத் தலை மழிக்கும்போதும், ஹிஜாமா செய்யும்போதும், ஹஜ், உம்ராவில் முடி களையும்போதும் புதிய பிளேடும் தூய கருவியும் உள்ளனவா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. அதே வேளை, ஒரே ஸஹனில் உண்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ, கட்டித் தழுவுவதாலோ, இருமலாலோ இது பரவுவதில்லை. தாய் பாலூட்டுவதற்கும் தடையில்லை. நோயாளிக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்கும் வீடுகள் அறியாமல் அநீதி இழைக்கின்றன.

நிக்காஹ் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்நோய் திருமணத்துக்குத் தடையன்று. மணக்கவிருப்பவர் முன்னரே தடுப்பூசி பெற்று, எதிர்ப்பாற்றல் உண்டாகிவிட்டதைச் சோதித்து உறுதி செய்துகொண்டால் அச்சமின்றி வாழலாம். ஆகவே மறைத்து மணப்பதும் அநீதி. உண்மை சொன்னவரை ஒதுக்குவதும் அநீதி. உண்மை சொன்னால் ஒதுக்கமாட்டோம் என்ற நம்பிக்கையைச் சமூகம் தந்தால்தான் எவரும் உண்மை சொல்வர்.

வெளிநாட்டு வேலை குறித்த விதிகள் நாட்டுக்கு நாடும் தொழிலுக்குத் தொழிலும் வேறுபடுகின்றன. எனவே கடன் வாங்கி ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே, உள்ளூரில் இந்த ஒரு பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. கிருமி இல்லை எனில் அப்போதே தடுப்பூசியைத் தொடங்கலாம். இருக்கிறது எனில், கடனாளியாகும் முன்னரே அறிந்து வேறு வழி காணலாம். ஜும்ஆ முடிந்து மக்கள் கூடியிருக்கும் நேரத்தில், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அரசு மருத்துவர்களை அழைத்துப் பரிசோதனை முகாம் நடத்த ஒவ்வொரு ஜமாஅத்தும் முன்வரலாம்.

ஒரு ரிஜ்கின் வாசல் அடைபட்டால் இறைவன் மற்றொன்றைத் திறப்பான் என்று நாம் ஆறுதல் கூறுகிறோம். அந்த ஆறுதலோடு, மடித்து வைத்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அவரை அழைத்தும் செல்வோம். பயணத்தை நிறுத்திய அந்தத் தாள், பலருக்கு உரிய காலத்தில் வந்த எச்சரிக்கையாக அமையக்கூடும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தையும், அறிந்ததன்படி நடக்கும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.